கைமாறிய கேளிக்கைப் பூங்காவை எடைபோடுவது எப்படி

கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி தொடங்கியதும் மாம்பழ அரங்குகளைப் பார்ப்பதற்கு முன்பே ராட்டினத் திடலுக்குப் போய், இந்த ஆண்டு என்ன புதிதாக வந்திருக்கிறது, கொலம்பஸ் கப்பலுக்கு வண்ணம் அடித்திருக்கிறார்களா, போன முறை முனகிய மோட்டாரை மாற்றியிருக்கிறார்களா என்று நின்று பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி ஆகிய ஊர்களில் இருந்தும் சில குடும்பங்கள் எங்களோடு சேர்ந்துகொள்ள, ஆண்டுக்கு ஒரு முறையாவது வேன் பிடித்துப் பெரிய பூங்கா ஒன்றுக்குப் போய்வருகிறோம். நாங்கள் போய்ப் பழகிய பூங்கா ஒன்று வேறு நிர்வாகத்தின் கைக்குப் போனபோது எங்களுக்குள் நடந்த வாதங்களில் பாதி, உண்மை தெரியாமல் நடந்தவை. "அண்ணே, இனிமே அங்க போறதுல அர்த்தமே இல்ல" என்று ஒருவர் சொல்ல, "புது ஆளுங்க வந்தாத்தான் நல்லா இருக்கும்" என்று இன்னொருவர் சொல்ல, இருவருமே மாற்றத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்திருக்கவில்லை. அதற்குப் பின் நாங்கள் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே விவரிக்கிறேன்.

முதலில், எது கைமாறியது என்று கண்டுபிடியுங்கள்

பூங்காவை விற்றுவிட்டார்கள் என்ற ஒரே பேச்சுக்குள் நான்கு வேறு செய்திகள் ஒளிந்திருக்கக்கூடும். பூங்காவை நடத்தும் நிறுவனத்தின் பங்குகளை வேறொருவர் வாங்கியிருக்கலாம். நிறுவனம் அப்படியே இருக்க, நிலமும் விளையாட்டுகளும் மட்டும் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருக்கலாம். உரிமையாளர் மாறாமல் குத்தகைக்கு விடப்பட்டிருக்கலாம். அல்லது வெறும் பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கலாம். கொச்சிக்கு அருகில் 2000இல் திறக்கப்பட்ட வீகாலேண்ட், பின்னாளில் வொண்டர்லா என்று பெயர் மாறியது. ஆனால் அதைத் தொடங்கிய குடும்பத்தின் கையிலேயே அது இருந்தது. அதே குழுமம் 2005இல் பெங்களூருக்கு அருகே பிடதியில் தொடங்கிய பூங்காவுக்கு வைத்த பெயரையே பழைய பூங்காவுக்கும் சூட்டினார்கள், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் நிலமும் சொத்தும் 2007இல் விற்கப்பட்டு, அதை நடத்திவந்த மெர்லின் நிறுவனமே அதைத் திரும்பக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. வாசலில் சீட்டு வாங்கியவர்கள் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. பெயரையோ வாசல் வளைவையோ வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

வீட்டில் உட்கார்ந்தே இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அதற்குத் தேவை பழைய பில் ஒன்றும் புதிய பில் ஒன்றும் மட்டுமே. ஒவ்வொரு பில்லிலும் 15 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஜிஎஸ்டி எண் அச்சிடப்பட்டிருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கின்றன. தமிழ்நாடு என்றால் 33, கர்நாடகம் என்றால் 29. அடுத்து வரும் பத்தும் அந்த வணிகத்தின் பான் எண். ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது இடத்தில் உள்ள எழுத்து, அதாவது பான் எண்ணின் நான்காவது எழுத்து, நடத்துபவர் யார் என்பதைச் சொல்லிவிடும்: சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் கூட்டாண்மை நிறுவனம், பி என்றால் தனிநபர். போன ஆண்டு பில்லிலும் இந்த ஆண்டு பில்லிலும் நடுவில் உள்ள அந்தப் பத்தும் மாறியிருந்தால், பணம் வாங்கும் சட்டபூர்வமான ஆளே மாறிவிட்டார் என்று பொருள். மாறாமல் இருந்தால், பெயர் மட்டும் மாறியிருக்கலாம், அல்லது உள்ளே பங்குகள் மட்டும் கைமாறியிருக்கலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால், பதிவு செய்த சட்டப் பெயர், வணிகப் பெயர், பதிவு நாள் ஆகிய மூன்றும் கிடைக்கும்; அதற்குக் கணக்குத் தொடங்கவோ பணம் கட்டவோ வேண்டியதில்லை. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால், பெரிய பங்கு மாற்றங்களைச் சந்தைக்கு அறிவித்தாக வேண்டும் என்பதால் அங்கேயும் பார்க்கலாம்.

யார் வாங்கினார்கள் என்பது தெரிந்ததும், அவர்கள் இதற்கு முன் என்ன நடத்தினார்கள் என்று பாருங்கள். மும்பைக்கும் புனேக்கும் இடையே கோபோலியில் 2013இல் திறந்த இமேஜிகா கடன் சுமையில் சிக்கி, 2022இல் மால்பாணி குழுமத்தின் கைக்குப் போனது. அந்தக் குழுமம் ஏற்கெனவே லோனாவாலாவிலும் ஷீரடியிலும் நீர்ப்பூங்கா நடத்தி வந்தது. இப்படித் தொழில் தெரிந்தவர் வாங்கியிருந்தால், அவருடைய மற்றப் பூங்காவுக்குப் போய்வந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, அங்கே கழிப்பறை எப்படி இருந்தது, எத்தனை விளையாட்டுகள் மூடிக் கிடந்தன, விளையாட்டை இயக்கும் பையன்கள் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று கேட்பது, பத்து விளம்பரங்களைப் பார்ப்பதைவிடப் பயன் தரும். பூங்காத் தொழிலே தெரியாமல் நிலத்தின் மதிப்புக்காக வாங்கியவர் என்று தோன்றினால் மட்டும், இந்தக் குறிப்பின் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

முன்பணமும் ஆண்டு பாஸும்

இந்த இடத்தில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு 32 பேருக்கான குழுச் சீட்டுக்கு ஒரு பூங்காவில் முன்பணம் கட்டியிருந்தோம். கையால் எழுதிய ஒரு ரசீது மட்டும் எங்களிடம் இருந்தது. நாங்கள் போவதற்குள் நிர்வாகம் மாறிவிட்டது. வாசலில் இருந்தவர், அந்தப் பணத்தை வாங்கியது பழைய கம்பெனி, எங்கள் கணக்கில் அது இல்லை என்று மரியாதையாகவே சொன்னார். அதிகாலையில் எழுந்து கிளம்பி வந்த பிள்ளைகள் மாற்றுடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, நாங்கள் மறுபடியும் முழுப் பணத்தையும் கட்டி உள்ளே போனோம். முன்பணம் திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் போன சங்கதிகள் இவை.

பங்குகள் மட்டும் கைமாறியிருந்தால், உங்களிடம் பணம் வாங்கிய நிறுவனம் அப்படியேதான் இருக்கிறது. அது கொடுத்த பாஸுக்கும் முன்பணத்துக்கும் அதுவே பொறுப்பு. சொத்து மட்டும் விற்கப்பட்டிருந்தால், புதியவர் பழைய கடமைகளை ஏற்றுக்கொண்டாரா என்பது அவர்களுக்கிடையே உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாகவே, பழைய ரசீதின் படத்தை இணைத்து, இந்த முன்பணத்தை ஏற்கிறீர்களா என்ற ஒரே கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்லும் சம்மதம் வாசலில் நிற்காது. ஏற்க மறுத்தால், பணம் வாங்கிய பழைய நிறுவனத்தின் பெயர்தான் உங்களுக்குத் தேவை. அது பழைய பில்லில் இருக்கும்.

பணம் திரும்பாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதுவும் பலிக்காவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பூங்கா பெங்களூரில் இருக்கிறதே, சென்னையில் இருக்கிறதே என்று கிருஷ்ணகிரிக்காரரோ தருமபுரிக்காரரோ தயங்க வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கட்டணம் ஏறிவிட்டதா என்ற வாதத்திலும் ஒரு கவனம் வேண்டும். பூங்கா நுழைவுக்கு 2017இல் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் அடிப்படைக் கட்டணம் என்றால் முதலில் 1,280 கொடுத்திருப்போம், பிறகு 1,180. ஆகவே பழைய பில்களை எடுத்து ஒப்பிடுபவர்கள் வரியைக் கழித்துவிட்டு அடிப்படைக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். கூடவே லாக்கர், நீச்சலுடை வாடகை, வண்டி நிறுத்தம், வரிசையைத் தாண்டிப் போகும் சிறப்புச் சீட்டு ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். நுழைவுக் கட்டணத்தைத் தொடாமல், முன்பு இலவசமாக இருந்தவற்றுக்கு விலை வைப்பது புதிய நிர்வாகங்கள் எளிதாகச் செய்யக்கூடிய ஒன்று. குடிநீர் இலவசமாகக் கிடைக்கும் இடங்கள் எத்தனை, அவை எங்கே இருக்கின்றன என்பதை நான் ஒவ்வொரு முறையும் எண்ணுவேன். மே மாத வெயிலில் பிள்ளைகளோடு நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கைக்கடிகாரத்தால் அளப்பது

நிர்வாகம் செலவைக் குறைத்திருக்கிறதா என்பதை, பூங்காவின் வண்ணப் பூச்சைவிட வரிசை நகரும் வேகம் தெளிவாகச் சொல்லும். ரோலர் கோஸ்டரின் ஏறுமேடைக்கு எதிரே ஒரு நிழலில் நின்று, ஒரு வண்டி கிளம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஐந்து முறை கிளம்பும் வரை நின்று, சராசரி இடைவெளியைக் கணக்கிடுங்கள். ஒரு வண்டியில் 24 இருக்கைகள் இருந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பினால், மணிக்கு 720 பேர் ஏறலாம். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் 360 பேர்தான். உங்களுக்கு முன்னால் 180 பேர் நின்றால், முதல் கணக்கில் 15 நிமிடத்தில் ஏறிவிடுவீர்கள். இரண்டாவதில் அரை மணி நேரம் ஆகும். கூட்டம் அதே அளவில் இருந்தும், "முன்னெல்லாம் இப்படிக் காத்திருக்க மாட்டோமே" என்று நாம் உணர்வதற்குக் காரணம் பல நேரங்களில் இதுதான்.

இடைவெளி கூடியிருப்பதற்கான காரணத்தையும் பாருங்கள். இரண்டு வண்டிகள் ஓடிய தடத்தில் இப்போது ஒன்றுதான் ஓடுகிறதா? அல்லது இரண்டும் ஓடியும், ஏறுமேடையில் மூன்று பேர் செய்த வேலையை ஒருவர் செய்கிறாரா? முதலாவது நடந்தால் உடனே குறை சொல்ல வேண்டாம். வண்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பரிசோதிக்கும் பருவம் உண்டு. கூட்டமில்லாத வார நாளில் ஒரே வண்டியை ஓட்டுவதும் வழக்கம். கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில், வரிசை வெளியே வரை நீண்டிருக்கும்போதும் ஒன்றுதான் ஓடுகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டாவது நடந்தால் எந்த நாளாக இருந்தாலும் குறித்துவையுங்கள், ஏனெனில் ஆள் குறைப்பு வரிசையை நீட்டுவதோடு நிற்பதில்லை, பாதுகாப்பையும் தொடுகிறது.

ஒப்பிட வேண்டும் என்றால் பழைய குறிப்பு வேண்டும். எங்களில் ஒருவர் பல ஆண்டுகளாக ஒரு சிறு நோட்டில், நாள், கிழமை, மூடியிருந்த விளையாட்டுகள், காத்திருந்த நிமிடங்கள் ஆகிய நான்கை மட்டும் எழுதிவருகிறார். நிர்வாகம் மாறிய பிறகு எங்களுக்கு அந்த நோட்டைப்போல் உதவியது வேறு எதுவுமில்லை. உங்களிடம் அப்படி ஒன்று இல்லையென்றால், பழைய புகைப்படங்களில் பதிவான நேரத்தைப் பாருங்கள். வரிசையில் சேர்ந்தபோது எடுத்த படத்துக்கும் இறங்கியபின் எடுத்த படத்துக்கும் இடையே உள்ள நேரமே ஒரு கணக்கு. கிழமையை மட்டும் சேர்த்துப் பாருங்கள். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் கர்நாடகத்தின் தசரா விடுமுறையும் நெருங்கி வரும் நாட்களில் பெங்களூர்ப் பக்கத்துப் பூங்காவில் எடுத்த கணக்கை, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையோடு ஒப்பிட்டால் புதிய நிர்வாகத்தின் மேல் அநியாயமாகப் பழி விழும்.

பாதுகாப்பைப் பார்க்கும் கண்

காலையில் வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். அந்த நேரத்தில் வண்டிகள் ஆளில்லாமல் ஓடிவருவதைப் பார்க்க முடிந்தால் அது நல்ல அடையாளம். அன்றாடச் சோதனை ஓட்டம் அது. பிறகு ஏறுமேடையில், மடியின்மேலோ தோள்மேலோ இறங்கும் தடுப்பை ஊழியர் ஒவ்வொரு இருக்கையிலும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, அல்லது நடந்துகொண்டே கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறாரா என்று கவனியுங்கள். உயரம் அளக்கும் கம்பத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி, இரண்டு விரல் குறைவு என்று திருப்பி அனுப்பினால் பெற்றோருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கெஞ்சிக் கேட்டும் விடாத ஊழியர் இருக்கும் பூங்காவுக்கு நான் மறுபடியும் போவேன். மழையோ பலத்த காற்றோ வந்தால் விளையாட்டை நிறுத்துவதும் அப்படித்தான். காசு கொடுத்தும் ஓட்டவில்லை என்று சண்டை போடுபவர்களை எங்கள் வேனிலேயே நான் தடுத்திருக்கிறேன்.

புதிதாக வந்த விளையாட்டு என்று விளம்பரப்படுத்தினால், அதன் அடியிலோ இயக்கும் அறைக்கு அருகிலோ பொருத்தியிருக்கும் தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறொரு பூங்காவில் ஓடிய விளையாட்டை வாங்கி நிறுவுவது உலகமெங்கும் நடப்பதுதான். நன்றாகப் பராமரித்திருந்தால் அதில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் பழையதைப் புதியது என்று சொல்லும் நிர்வாகம் வேறு எதைப் பற்றி எப்படிப் பேசும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நீர் விளையாட்டுகளுக்கு ஒரே சோதனை போதும்: குளத்தின் ஆழமான இடத்தில் அடித்தளத்தின் ஓடுகளும் கோடுகளும் தெளிவாகத் தெரிகின்றனவா? தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள், ஏனெனில் மூழ்கும் ஒருவரைக் காவல் நிற்பவராலும் பார்க்க முடியாது. மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் நிறைய மருந்து போட்டிருக்கிறார்கள், சுத்தமாக இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த வாடை, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமைன் என்ற பொருளின் வாடை. நீரைப் போதிய அளவு சுத்திகரிக்கவில்லை என்பதையே அது காட்டுகிறது. நீரின் அமில-கார அளவு (பிஎச்) 7.2க்கும் 7.8க்கும் இடையே இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சோதனைத் தாளை நனைத்து அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். எங்கள் வேனில் ஒரு டப்பா எப்போதும் இருக்கும்.

பெயர் மாறியதற்காக அழ வேண்டாம்

அமெரிக்காவில் சீடர் ஃபேர் நிறுவனம் பாரமவுண்ட் என்ற திரைப்பட நிறுவனத்தின் பெயரில் இருந்த பூங்காக்களை 2006இல் வாங்கியபோது, திரைப்படப் பெயர்களைப் பயன்படுத்தும் உரிமை நீடிக்கவில்லை. டாப் கன் என்ற கோஸ்டர் ஃபிளைட் டெக் ஆனது, இத்தாலியன் ஜாப் என்றிருந்தது பேக்லாட் ஸ்டண்ட் கோஸ்டர் ஆனது. தடமும் வேகமும் வளைவுகளும் அப்படியே இருந்தன. உங்கள் பூங்காவிலும் பெயரோ பொம்மையோ மாறியிருந்தால், ஏறிப் பார்த்துவிட்டு, உடம்பு உணரும் வித்தியாசம் ஏதும் உண்டா என்று மட்டும் கேளுங்கள்.

குழுவில் பேசும்போது

திரும்பி வரும் வழியில் பேசி முடிவெடுப்பதில்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். களைப்பிலும் பசியிலும் எல்லாமே குறையாகத் தெரியும். இரண்டு நாள் கழித்துக் கூடும்போது, ஒவ்வொருவரும் தான் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்ல வேண்டும். "ஆள் குறைச்சிட்டாங்க" என்று சொல்பவரிடம், எந்த விளையாட்டில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்போம். பதில் இருந்தால் நோட்டில் ஏறும். இல்லையென்றால் அடுத்த முறை பார்த்து வரும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுவோம். பூங்காவில் ஐந்தாறு ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய ஊழியர்கள் இருந்தால், அவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்பதையும் கேட்டுவைக்கிறோம். நிர்வாகம் மாறியும் பழைய மெக்கானிக்கும் விளையாட்டை இயக்குபவர்களும் நீடித்தால், அந்த விளையாட்டின் ஒவ்வொரு சத்தத்தையும் அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் சம்பளம் பற்றியோ முதலாளி பற்றியோ கிளறிக் கேட்காதீர்கள். அவர்கள் வேலைக்கு ஆபத்து வரும்.

ஒரு பயணத்தை வைத்து தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். புதிய நிர்வாகத்தின் முதல் கோடை பெரும்பாலும் பழையவர் போட்ட திட்டத்திலும் பழையவர் வைத்த பற்றாக்குறையிலும் ஓடுகிறது. ஒரு கோடையும் ஒரு வார நாளும் பார்த்தபின் எழுதும் கருத்துதான் மற்றவருக்கு உதவும்.

மூடுவார்களோ என்ற ஐயம் இருந்தால்

அப்போது மட்டும் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருந்த ஜியாகா லேக் பூங்காவைச் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2004இல் சீடர் ஃபேருக்கு விற்றது. வாங்கியவருக்கு அதே மாநிலத்தில் சீடர் பாயிண்ட் என்ற பெரிய பூங்கா ஏற்கெனவே இருந்தது. 2007 செப்டம்பர் 16 வழக்கமான பருவத்தின் கடைசி நாளாக முடிந்தது. ஐந்து நாள் கழித்து 21ஆம் தேதிதான், விளையாட்டுப் பூங்கா இனித் திறக்கப்படாது என்று அறிவித்தார்கள். நீர்ப்பூங்கா மட்டும் சில ஆண்டுகள் ஓடியது. 1925இல் கட்டிய பிக் டிப்பர் என்ற மரக் கோஸ்டரில் கடைசியாக ஏறியவர்களுக்கு, அது கடைசி முறை என்று தெரியாது. இன்னொரு கோஸ்டரைக் கழற்றி விர்ஜினியாவில் தங்கள் வேறொரு பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிக் டிப்பர் ஓடாமல் நின்று, 2016இல் இடிக்கப்பட்டது. அண்மையிலும், சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் 2024 ஜூலை 1 அன்று இணைந்தபின், மேரிலாந்தில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா பூங்கா 2025 நவம்பர் 2 அன்று மூடப்பட்டது. இந்த முறை முன்கூட்டியே அறிவித்ததால், விரும்பியவர்கள் விடைபெற வர முடிந்தது.

வாங்கியவருக்கு அருகிலேயே பெரிய பூங்கா இருப்பது, பூங்கா நிற்கும் நிலத்தைச் சுற்றிலும் மனைகள் விலையேறுவது, பழுதான விளையாட்டுகள் ஒரு பருவம் முழுவதும் துணி போர்த்திக் கிடப்பது, அடுத்த ஆண்டுக்கான பாஸ் விற்பனையைத் தொடங்காமல் இழுப்பது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால், பயணத்தை அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்காதீர்கள். அந்தப் பூங்காவில் முதன்முதலில் உங்களைத் தூக்கி வைத்து ஏற்றிவிட்ட பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப்போங்கள். கிருஷ்ணகிரியில் இருந்து பிடதிப் பக்கம் போவதாக இருந்தால், காலை ஆறு மணிக்கு முன் வேன் கிளம்பிவிட வேண்டும். பெங்களூருக்குள் நெரிசல் தொடங்கிவிட்டால் வாசல் திறக்கும் நேரத்தைப் பிடிக்க முடியாது. உள்ளே போனதும் வாசலுக்கு அருகில் உள்ள விளையாட்டுகளில் நிற்காமல், உங்களுக்குப் பிடித்த அந்த ஒன்றுக்கு நேராகப் போய் முதலில் ஏறுங்கள். மாலையில் கூட்டம் குறைந்தபின் அதிலேயே இன்னொரு முறையும் ஏறிவிட்டு, வெளியே வரும்போது பில்லை மறக்காமல் வாங்கி நோட்டுக்குள் வையுங்கள்.